எட்டுக்கு நாற்பத்திரண்டு

நாலாயிரத்து எண்ணூறு.
அதில் பாதி மெஹரூன் போட்டது.
ரத்த வங்கிக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் எண்ணி
காலி ஸ்லைடு டப்பாவில் வைத்து
முதல் அக்ரஹாரம் வரை நடந்தோம்.

கடைக்காரர் முதலில் நீட்டியது இருபது எக்ஸ்.
லென்ஸில் மாதுளை முத்துபோல் சிவப்புப் பூச்சு.
"நிலாவுல இருக்கற குழியெல்லாம் தெரியும் மேடம்."
நிலா வேண்டாம் என்றாள் மெஹரூன்.
அது எங்கேயும் பறந்து போய்விடாது.

பதினோரு வருஷம் மைக்ராஸ்கோப்பில் குனிந்தவள் நான்.
பத்தில் தேடு, நூறில் நம்பு,
அதுதான் எங்கள் லேபில் பாடம்.
பெரிதாக்கப் பெரிதாக்க
வட்டம் சுருங்கும், வெளிச்சம் வற்றும்,
தேடியது பக்கத்து வட்டத்தில் உட்கார்ந்திருக்கும்.

கடை வாசலில் நின்று பார்த்தோம்.
எதிரே மாம்பழ வண்டி, செருகிய விலை அட்டை.
இருபதில் அட்டை ஆடியது:
நூற்றிருபதா நூற்றெழுபதா,
என் நாடித்துடிப்பு எழுதி எழுதி அழித்தது.
பத்துக்கு ஐம்பதில் விலை நின்றது,
மணிக்கட்டு நிற்கவில்லை.
எட்டுக்கு நாற்பத்திரண்டில்
மல்கோவாவின் காம்பருகே வழிந்து காய்ந்த பால்,
அதன்மேல் ஒரு ஈ,
முன்னங்கால் இரண்டையும் தேய்த்துக்கொண்டு
சாப்பிட உட்காரும் மாமனார் மாதிரி.
வண்டிக்காரர் எங்களைப் பார்த்து விரல் உயர்த்தினார்:
ஒன்றா, இரண்டா?

கை நீட்டிப் பிடித்து
கண்வில்லையில் விழும் வெளிச்சப் பொட்டைப் பார்த்தோம்.
ஓரம் வெட்டுப்படாமல் முழு வட்டம்.
கண்ணை மூடித் திறந்தால் ஒரே உருவம், இரண்டல்ல.
உள்ளே பூஞ்சை இல்லை.
விலைதான் ஐயாயிரத்து இருநூறு.

பை வேண்டாம். வார் வேண்டாம்.
துடைக்கும் துணி லேபில் கட்டுக்கட்டாக இருக்கிறது.
ஒரு டீ குடிக்கிற நேரம் பேசி
நாலாயிரத்து எழுநூற்று நாற்பதுக்கு இறங்கியது.
மிச்சம் அறுபதுக்கு அரைக் கிலோ மல்கோவா.
விலை நூற்றிருபதுதான்.

பங்கு இப்படி:
ஒரு ஞாயிறு எனக்கு, ஏற்காடு.
ஒரு ஞாயிறு அவளுக்கு, மூக்கனேரி.
மூன்றாவது வளைவிலேயே அவளுக்கு வயிற்றைப் புரட்டும்.
கழுத்துக்கு அவளுடைய பழைய ஹேண்ட்பேக் வார்.
வலது கண் வளையத்தில்
ஸ்லைடு மார்க்கரால் இரண்டு புள்ளி:
சிவப்பில் அவள் பார்வை, நீலத்தில் என் பார்வை.
நடுவே ஓர் அரிசி நீளம்.

என் முதல் ஞாயிறு முழுக்கப் பனி.
சில்வர் ஓக்கில் மிளகுக்கொடி பாதிவரைதான் இருந்தது.
எங்கோ ஓடைப்பக்கம் சீகாரப் பூங்குருவி
பாட்டு மறந்த பையன் மாதிரி விசிலடித்தது.
லட்ச ரூபாய்க் கண்ணாடியிலும்
இந்த வெள்ளைதான் தெரிந்திருக்கும் என்று
தேற்றிக்கொண்டு இறங்கினேன்.

அவளுக்கு முதல் ஞாயிறே வேட்டை.
நீலத் தாழைக்கோழி, நாமக்கோழி,
முங்கிய இடத்தில் எழாத முக்குளிப்பான்.
திங்கட்கிழமை சென்ட்ரிஃப்யூஜ் சுற்றி முடியும்வரை
அதே பேச்சு.
திருப்பித் தந்தபோது பார்த்தேன்,
வளையம் நீலப் புள்ளியில் நின்றது.

அடுத்த முறை பனி இல்லை.
காப்பித் தோட்ட வேலியோரம்
இலைக்கு இலை தாவியது ஒரு மஞ்சள் கூட்டம்.
கண்ணைத் தேடிப்போனேன்:
ஒவ்வொரு கண்ணைச் சுற்றியும் வெள்ளை வளையம்,
நூல் கோத்துத் தைத்தது போல.
கை ஆடவில்லை. மூச்சு ஆடியது.

இறங்கும் பஸ்ஸில் கண்டக்டர்
டிக்கெட்டைக் கிழிக்காமல் என் முகத்தையே பார்த்தார்.
"என்னங்க, ரெண்டு கண்ணுலயும் அடியா?"
ஜன்னலில் பார்த்தேன்.
ரப்பர் விளிம்பில் மெஹரூன் விட்டுவைத்த கண்மை,
இரண்டு கறுப்பு வட்டமாக.

"வெள்ளைக்கண்ணி பார்த்தேன்" என்றேன்.
அவர் மிச்சச் சில்லறையை
ஒருமுறைக்கு இருமுறை எண்ணிக் கொடுத்தார்.