பர்லியாறு, மூன்றாவது பருவம்

ஏலக்காரர் முள்ளில் விரல் படாமல்
சாக்கில் சுற்றித் தந்தார்.
"வெறும் வயித்துல சாப்பிடுங்க, ரெண்டு பேருமா."
நாங்கள் ஒன்றும் கேட்டிருக்கவில்லை.
துரியனுக்கு வருகிறவர்கள்
மங்குஸ்தான் விலை விசாரிப்பதில்லை,
அதில் தெரிந்துவிடுகிறது.

மேட்டுப்பாளையம் பேருந்தில்
வாடை டிரைவர் வரைக்கும் போயிற்று.
திட்ட வாயெடுத்த கண்டக்டர்
என் வெறும் மடியைப் பார்த்துவிட்டு
சன்னலை மட்டும் திறந்துவிட்டார்.
அந்தக் கருணைதான் குமட்டியது.

கல்லாற்றில் இறங்கிக்கொண்டோம்.
பாறைமேல் போட்டுப் பிளந்தோம்.
மாத்திரை, ஊசி, அரசமரத்துச் சுற்று
எதுவும் இப்படி இனித்ததில்லை.
மருந்தென்பதே மறந்து
கடைசிச் சுளைக்கு அடித்துக்கொண்டோம்.

கொட்டையைச் சப்பியபடி
நஞ்சப்பன் கேட்டான்:
"காய்க்காத வருசம்
இந்த மரத்துக்கு
யாரு என்ன வாங்கித் தருவாங்க?"