மீட்டர்

வாயிலில் காலணியைக் கழுவச் சொன்னார்கள்.
தட்டில் மருந்துத் தண்ணீர், தேய்ந்த பிரஷ் ஒன்று.
கீழ்நாட்டு விதை எதுவும்
மேலே ஏறிவிடக் கூடாதாம்.
ஒரு நாளைக்கு நாற்பது பேர்தான்.
நான் முப்பத்தேழாவது.

போகோட்டாவில் நான் தண்ணீர் மீட்டர் பார்ப்பவள்.
பதினோரு வருடமாக
குனிந்து, இரும்பு மூடியைத் தூக்கி,
சிலந்தியை ஊதித் தள்ளி,
கண்ணாடியைக் கட்டைவிரலால் துடைத்து
எண்களைக் குறித்துக்கொள்கிறவள்.
தெரு நாய்களுக்கு என்னைத் தெரியும்.
ஆட்களுக்கு என் தொப்பிதான் தெரியும்.
இன்று எங்கள் பகுதிக்குத் தண்ணீர் நிறுத்தும் முறை.
வறட்டு இருமல் இருமும் குழாயோடு
வீட்டில் உட்கார்ந்திருப்பானேன் என்று
பஸ் ஏறிவிட்டேன்.

மூவாயிரத்து அறுநூறு மீட்டர் என்றது பலகை.
இங்கேயும் மீட்டரா!
சிரிப்பு வந்தது.
சிரித்து முடிக்க மூச்சு போதவில்லை.

வழிகாட்டியின் பெயர் எடில்மா சித்திவா.
கம்பளி ருவானாவுக்குள் கைகளை ஒளித்துக்கொண்டு
முகவாயால் திசை காட்டுவாள்.
"அதோ, ஃப்ரைலெஹோன்" என்றாள். பெருந்துறவி என்று பொருளாம்.
எனக்கொன்றும் துறவிகளாகத் தெரியவில்லை.
கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட கூட்டம்
மூடுபனியில்
யாரும் யாரோடும் பேசாமல் நிற்பதுபோல் இருந்தது.
உலர்ந்த இலைகளை உதறாமல்
இடுப்பைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு
வருடத்துக்கு ஒரு விரற்கடைகூட வளராமல்.
என் தோளுயரச் செடிக்கு
என் கொள்ளுப் பாட்டனைவிட வயது கூட.

தொடக் கூடாது.
தொட்டேன்.
முயல் காது.
ரோமத்தில் பனி வந்து ஒட்டுகிறது,
துளியாகிறது, கனக்கிறது, விழுகிறது.
பழக்கதோஷம், எண்ணினேன்:
ஏழு விநாடிக்கு ஒன்று.
பிறகு ஒன்பது.
பிறகு காற்று குறுக்கே வந்து கணக்கைக் கெடுத்தது.

இரண்டு பையன்கள் கரடியைக் கேட்டு நச்சரித்தார்கள்.
கரடி வரவில்லை.
அது கடித்துத் துப்பிய தண்டு மட்டும் பாதையில்,
எச்சில் காயாமல்.
கண்ணாடி போட்ட ஒருவர்
பாசியில் காதை வைத்து
"தண்ணீர் நடக்கும் ஓசை" என்று கண்ணை மூடிக்கொண்டார்.
நானும் வைத்தேன்.
என் நாடித்துடிப்புதான் கேட்டது,
ஒரு பக்கக் காது நனைந்தது.

ஏரிக்கரையில் சாப்பாடு.
வெல்லத் தண்ணீரில் பாலாடைக்கட்டியைப் போட்டு
மூடியில் ஊற்றித் தந்தாள் எடில்மா.
என் வேலையைச் சொன்னேன்.
இன்று எங்கள் வீட்டில் தண்ணீர் இல்லை என்றும் சொன்னேன்.
கொஞ்சம் பாவமாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன்.

"எங்க வீட்டுலயும் இல்ல" என்றாள்.
"என்னிக்கும் இல்ல.
ஓடையிலேருந்து ரப்பர் குழாய் இழுத்திருக்கோம்.
மாடு மிதிச்சா அன்னிக்கு அதுவும் கிடையாது.
இணைப்புக்கு மனு குடுத்து நாலு வருஷம்."
ஒரு மிடறு குடித்தாள்.
"உங்க பெரிய குழாய்
எங்க உருளைக்கிழங்கு வயலுக்கு அடியிலதான் போகுது.
பாசியில என்ன கேக்கும்?
அங்க வந்து காதை வைங்க."

கோபம் இல்லை அவள் குரலில்.
இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

திரும்பும்போது பஸ் அந்த வழியாகத்தான் வந்தது.
வெள்ளைப் பூ பூத்த வயல்,
நடுவே சிமெண்ட் முளை, அதில் எங்கள் நிறுவனத்தின் முத்திரை.
ஓட்டுநரை நிறுத்தச் சொல்லியிருக்கலாம்.
வாயில் மிட்டாய் இருந்தது.
சொல்லவில்லை.

இன்று திங்கள்.
எழுபத்திரண்டாம் தெரு, முதல் வீடு.
குனிகிறேன், மூடியைத் தூக்குகிறேன்.
சின்னச் சக்கரம் நிற்காமல் சுற்றுகிறது,
உள்ளே யாரோ குளிக்கிறார்கள், பாட்டோடு.
கண்ணாடியைத் துடைக்கப் போன விரலருகே
என் காலணியிலிருந்து
ஒரு கட்டிக் கருமண் உதிர்ந்து
எண்களின் மேல் விழுகிறது.

உள்ளே நுழையும்போது கழுவச் சொன்னவர்கள்
வெளியே வரும்போது
ஒன்றும் சொல்லவில்லை.