எட்டேகால் படகு

கதிக்கோயில் கயிறு அவிழ்ந்ததுமே தொடங்கிவிடும்.
வறுத்த மீனென்றால் பாலத்தடிக் கடைதான் என்பான் துர்சுன்.
அது எண்ணெய்க் கடை, மீன் சும்மா குளித்துவிட்டுப் போகிறது
என்பாள் பல் மருத்துவமனையில் சீட்டு எழுதும் நிக்யார்.
பருப்பு சூப்பில் எலுமிச்சை பிழிந்து தருகிறவனை
இருவருமே மன்னிப்பதில்லை.
பிழியாமல் தருகிறவனையும்.

ஃபெரிதுன் மட்டும் தேநீரை ஊதிக்கொண்டிருப்பார்.
கடைசியில் எல்லோரும் அவர் பக்கம் திரும்புவார்கள்.
'ஃபாத்திஹில், மசூதிக்குப் பின்சந்தில் ஒரு குடல் சூப்'
என்று சொன்னால் போதும்,
அந்த வாரமே அங்கே வரிசை நிற்கும்.

இரண்டு குளிர்காலம் முன்பு வந்த காய்ச்சலில்
அவர் நாக்கு செத்துப்போனது யாருக்கும் தெரியாது.
உப்பு இல்லை, புளிப்பு இல்லை,
சூடு மட்டும்.
சுவரோரம் உட்கார்ந்து
பக்கத்து மேசைகளைப் பார்ப்பார்:
சண்டை போட்டபடி வந்த தம்பதி
எத்தனையாவது கரண்டியில் வாயடைத்துப்போகிறார்கள்,
ரொட்டியால் கிண்ணத்தை வழித்துவிட்டு
யார் சுற்றுமுற்றும் பார்க்கிறார்கள்.

கராக்கோயில் படகு இடித்து நிற்கிறது.
'நீங்கள் சொன்ன கடையில் உப்பு கொஞ்சம் தூக்கலோ?'
இறங்கிக்கொண்டே கேட்கிறாள் நிக்யார்.
'உனக்கு' என்கிறார் ஃபெரிதுன்.