ஓடும் விடுதி

எங்கள் காடுகளில் ஓடும் என்றொரு மரம்.
கரையான் தொடாது.
குமாசியில் எங்கள் விடுதிக்கு அதன் பெயர்.
நான்கு பக்கமும் மும்மூன்று மாடி,
நடுவே ஒரு சதுரப் புல்வெளி.
புல் என்பது மரியாதைக்குச் சொல்வது.

வார்டன் பட்டியலில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர்.
குளியலறை வரிசையில் எண்ணினால் நானூறு.
பட்டியலில் இல்லாமல் படுத்துக்கொள்பவனைக்
கிளைக்குருவி என்போம்.
பி பதினான்கின் குருவி, மாவுலி.
பகலில் அவன் மெத்தை அரிசிச் சாக்குக்குள் இருக்கும்.
இரவில் என் கட்டிலுக்கும் யாக்குபுவின் கட்டிலுக்கும் நடுவே.
நடுநிசியில் ஒன்றுக்குப் போக வேண்டுமென்றால்
அவன் வயிற்றைத் தாண்டித்தான் போக வேண்டும்;
தூக்கத்திலேயே "பார்த்து" என்பான்.

சதுரத்துக்குக் காது உண்டு.
ஏ பிரிவில் ஒருவன் தும்மினால்
டி பிரிவில் இன்னொருவன் "கர்த்தர் காக்க" என்பான்.
மின்சாரம் போனால் நான்கு சுவரும் ஊளையிடும்.
வந்தால் அதைவிடப் பெரிய கூச்சல்,
அணையை நாங்களே கட்டியதுபோல.
பிறந்தநாள் என்று வாய் தவறிச் சொன்னவன்
பதினொரு வாளித் தண்ணீர் வாங்காமல்
சதுரத்தைக் கடந்ததில்லை.
கொடியில் தொலைந்த சட்டையைத் தேட வேண்டாம்.
ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு அதுவே நடந்து போகும்.

இரவல் கேட்கலாம்: சோப்பு, கால்குலேட்டர்,
இஸ்திரிப்பெட்டி, காதலிக்கு எழுத ஒரு வரி.
கேட்கக்கூடாதது ஷீட்டோ.
அம்மா வறுத்து அனுப்பிய அந்த மிளகாய்ப் புட்டியை
யாக்குபு பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தான்.
சாவியை எங்கே வைத்தோம் என்று மறந்துபோனால்
மாவுலியைத்தான் கேட்பான்.

ஜனவரி, பாலைக்காற்றுப் புழுதி.
விடியற்காலை ஐந்துமணிக்கு
டாக்டர் ஓஃபோசுஹேனே வந்தார்,
டார்ச்சும் பட்டியலும் இரண்டு காவலாளிகளுமாக.
ஏ பிரிவில் யாரோ சட்டி மூடியை மூன்று முறை தட்டினார்கள்.
அவ்வளவுதான்.
பின்படிகள் வழியாக
நூற்றெண்பத்துச் சொச்சம் குருவிகள் இறங்கின.
ஒருவன் போர்வையோடு,
ஒருவன் ஒற்றைச் செருப்போடு,
ஒருவன் வாயில் பல்துலக்கி நுரையோடு.
சதுரத்தைச் சுற்றி ஓடத் தொடங்கினார்கள்.
உடற்பயிற்சி.

அறைக்கு இரண்டு தலை. கணக்கு சரி.
வார்டன் மாடிக் கைப்பிடியில் சாய்ந்து
நெடுநேரம் கீழே பார்த்தார்.
ஒருவனும் நிற்கவில்லை.
நிற்பவன் எந்த அறை என்று சொல்ல வேண்டுமே.
"நல்ல பழக்கம்," என்றார்.
"தினமும் நடக்கட்டும். நானே வந்து பார்க்கிறேன்."

வந்தார். பதினேழு நாள்.
மாவுலியின் தொப்பை கரைந்தது.
மரியாதைக்கு இருந்த புல்லும் போனது.
சதுரத்துக்குள் ஒரு வட்டம் விழுந்தது, செம்மண் நிறத்தில்.
நான் கட்டிலில் புரண்டு படுத்து
அந்தக் காலடிகளைக் கேட்டபடியே மறுபடி தூங்கிப்போவேன்.
மழைச் சத்தம் மாதிரி இருக்கும்.
சுகமாக இருந்தது, ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்த வருஷ ஒதுக்கீட்டில் என் பெயர் இல்லை.
கட்டிலெல்லாம் முதலாண்டுக்காரர்களுக்கு என்று விதி.
பி பதினான்கைத் தட்டினேன்.
புது முகம், தடித்த கண்ணாடி, டெட்டே என்று பெயர்.
என்னைப் பார்க்கவில்லை,
என் கையிலிருந்த அரிசிச் சாக்கைப் பார்த்தான்.
"ஓடுவாயா?" என்றான்.

மூன்றாம் நாளே மூடி தட்டியது.
இருட்டில், ஷூவில்லாமல்,
யாருடைய முதுகென்று தெரியாத முதுகுகளுக்குப் பின்னால்
மூச்சு வாங்க ஓடினேன்.
மேலே ஜன்னல்கள் எல்லாம் தூங்கிக்கொண்டிருந்தன.
இரண்டாம் சுற்றில் பக்கத்தில் ஒரு குரல்,
மூச்சே இரைக்காமல்:
"உள்பக்கமா வா.
அங்கேதான் மண் மெத்து."