கொக்கிகள்

ஹெஸ்டர் லாங்மெய்டின் முதுகை
நாற்பத்தெட்டு வருடம் பார்த்தவள் நான்.
முகம் உங்களுக்கு.

ஹல் நகரில் தட்டேந்தி வந்த பணிப்பெண்ணுக்கு
ஒரே வசனம்: "வண்டி வந்துவிட்டது, அம்மா."
அப்போது இடுப்பு இருபத்திரண்டு அங்குலம்.
நான் வருமுன் நடந்தது அது,
பழைய உடுப்பின் பட்டையில் படித்தேன்.

பிறகு ராணிகள், இரண்டு கொலைகாரிகள்,
பிராட்ஃபோர்டில் கூரை ஒழுக ஒழுக
நனைந்தபடி செத்துக் கிடந்த ஒரு விதவை.
விஸ்கி என்று அவள் குடித்ததெல்லாம்
நான் ஆறவைத்த தேயிலைத் தண்ணீர்.

சினிமா கூப்பிட்டது.
ஆறு வாரம் போய்வந்தாள்.
வெட்டியதுபோகப் படத்தில் மிஞ்சியது
கடிதம் பிரிக்கும் ஒரு கை.
லீட்ஸில் இரண்டு முறை டிக்கெட் எடுத்து
அந்தக் கையைப் பார்த்தேன்.
மோதிரம் என்னுடையது.

நாற்பதில் நாயகனுக்கு அத்தை,
ஐம்பதில் அவனுக்கே தாய்.
தையலைப் பிரித்து அரை அங்குலம் விடுவேன்.
"துணி சுருங்கிவிட்டது, வெல்மா" என்பாள்.
"இந்த மழைதான்" என்பேன்.
அது என் வசனம்.
ஒரு நாளும் மறந்ததில்லை.

போன மாதம் லண்டனில் விருது.
அவளுக்கு எண்பத்தொன்று.
மேசையில் வைத்த விஸ்கியை ஒரு வாய் குடித்துவிட்டு
முகம் சுளித்து
"போலி" என்றாள் என் காதில்.

பெயரை அழைத்தார்கள்; எழுந்தாள்.
மேல் கொக்கி திறந்திருந்தது.

அரங்கம் முழுக்க எழுந்து கைதட்டியது.
நான் மட்டும் தட்டவில்லை.
என் கைகள் இரண்டும்
அவள் முதுகில் இருந்தன.