பாலம் ஒன்றுதான் மேடு

சாதாவா, பவரா?
ஒரு நாளைக்கு இருநூறு தடவை கேட்கிறேன்.
ராத்திரி தூக்கத்திலும் கேட்டேனாம்.
"சாதா" என்றாராம் வீட்டுக்காரர், கண்ணைத் திறக்காமல்.

வேதாளை பங்க். தெற்கே கூப்பிடு தூரத்தில் கடல்.
மீட்டர் கண்ணாடியில் உப்பு பூத்துவிடும்.
சட்டைக் கையால் துடைத்தால்தான்
எவ்வளவு போட்டேன் என்று எனக்கே தெரியும்.

மதுரையில் ஒருநாள் பயிற்சி கொடுத்தார்கள்.
குளிர் அறை, பொட்டலத்தில் பிரியாணி,
திரையில் ஒரு பிஸ்டன் மேலும் கீழும்.
ஆக்டேன் என்பது பலமில்லை, பொறுமை என்றார் அந்த ஆள்.
எத்தனை அழுத்தினாலும்
தீப்பொறி வரும்வரை தானாகப் பற்றிக்கொள்ளாத பொறுமை.
மேட்டில் இழுக்கும்போது
உள்ளே சுத்தியல் அடிக்கிற எஞ்சின்களுக்கு அது வேண்டும்,
மற்றதுக்கு வேண்டாம்.
இதைச் சொல்லிவிட்டு
மற்றதுக்கும் விற்கச் சொன்னார்.
லிட்டருக்கு ஐம்பது பைசா எனக்கு.

மேட்டுக்கு எங்கே போவது?
இந்தச் சீமையில் கோலிக்குண்டை வைத்தால்
வைத்த இடத்தில் இருக்கும்.
ஏற்றம் என்று சொல்ல பாம்பன் பாலம் ஒன்றுதான்,
அதுவும் மனுசன் கட்டியது.

எங்கள் வீட்டில் தண்ணீரே ரெண்டு.
புழங்க உப்புத்தண்ணி.
குடிக்கிற தண்ணி டிராக்டரில் வரும், குடம் பன்னிரண்டு ரூபாய்.
அதில் யாராவது கால் கழுவினால்
தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி ஏசுவேன்.
அந்த வாயால்தான் இங்கே,
"பவர் போட்டுக்குங்க சார், வண்டிக்கு நல்லது."

ராமேசுவரம் போகிற வெளியூர் வண்டிகள்
கேட்கும் முன்பே பவர் என்கின்றன.
புதுசாகக் கார் வாங்கியவர்கள் மனைவி முகத்தைப் பார்க்கிறார்கள்.
நண்டுக் கம்பெனி வேன் டீசல்.
அவனிடம் கேள்வியே கிடையாது, நிம்மதி.

நேற்று அசர் பாங்கு முடிந்த நேரம்
நாகூர் பிச்சை வந்தார்.
மாருதி எண்ணூறு, பின்னால் கணவாய் வாடை.
பதினெட்டு வருசம் அதிலேயே ஏலத்துக்குப் போய் வந்தவர்.
எப்போதும் இருநூறுக்கு சாதா. பேச மாட்டார்.
நேற்று,
"ஐந்நூறுக்குப் பவர் போடும்மா."

சொல்லிவிட்டேன்.
காக்கா, இந்த எஞ்சினுக்கு ரெண்டும் ஒண்ணுதான்,
வித்தியாசம் அதுக்குத் தெரியாது.
சொன்ன பிறகுதான்
மேனேஜர் ஜன்னல் திறந்திருக்கிறதா என்று பார்த்தேன்.

"தெரியாதுதான்" என்றார்.
"வித்தாச்சு. காலையில சாயல்குடிக்காரன் வந்து எடுத்துக்கிட்டுப் போறான்."

அப்படியென்றால்
இந்தப் பெட்ரோல் சாயல்குடிக்குத்தானே போகும்?
கேட்கவில்லை நான். முகம் கேட்டிருக்கும்.
"பாலத்துல ஒருக்கா ஏறி இறங்கிட்டு வந்துர்றேன்.
கொஞ்சம் தீரும்ல. மிச்சத்தை அவன் ஓட்டட்டும்."

டேங்க் மூடி எப்போதோ தொலைந்து
துணி சொருகியிருந்தது.
எடுத்து, உதறி, கையில் வைத்துக்கொண்டு நின்றார்.
எண்கள் ஓடின.
நாலரை லிட்டர், நாலைந்து சொட்டு.
கடைசிச் சொட்டுக்கும் குழாயைத் தட்டினேன்.
துணியைத் திரும்பச் சொருகியபோது
விரலை முகர்ந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

நோட்டில் எழுதினேன்: பவர், நாலரை.
ரெண்டே கால் ரூபாய்.
எழுதாமல் விட்டிருக்கலாம் என்று தோன்றியது,
எழுதிய பிறகு.

பொழுது சாய
கிழக்கிலிருந்து திரும்பி வந்தது வண்டி.
பங்கைத் தாண்டும்போது வேகம் குறைக்கவுமில்லை,
ஹாரன் அடிக்கவுமில்லை.
சத்தத்தில் ஏதாவது மாறியிருக்கிறதா என்று
குழாயைப் பிடித்தபடி காது கொடுத்தேன்.

பின்னால் ஆட்டோக்காரன்,
"சாதாக்கா, சாதா" என்று
ரெண்டு தடவை சொன்னானாம்.