கதகதப்பில் கசியாதது

மூன்றாவது முறையாக வந்து நிற்கிறது
கிளேட்டன் சபூரினின் தண்ணீர் லாரி.
"நான் பொய் சொல்லவில்லை, வெர்னா" என்கிறான்
தொப்பியைக் கழற்றாமல்.
அலைபேசியில் ஒரு படம் காட்டுகிறான்:
பனியில் சிவப்பாய் ஐந்தாறு பொட்டுகள்.
நரி பனிக்கௌதாரியைக் கடித்த இடம் என்றுதான்
முதலில் நினைத்தானாம்.
குனிந்து விரலால் தொட்டு முகர்ந்த பிறகுதான்
தெரிந்தது, தன் லாரியுடையது என்று.

பட்டறைக்குள் இருபது டிகிரி.
சக்கரப் பலகையில் மல்லாந்து அடியில் நுழைந்து
விளக்கடித்துப் பார்க்கிறேன்.
டிரான்ஸ்மிஷன்
கழுவிக் கவிழ்த்த தட்டுபோல் காய்ந்து கிடக்கிறது.
இதே விளக்கு, இதே பலகை.
நவம்பரில் நான்தான் சொன்னேன், பான் கேஸ்கட் என்று.
மாற்றினேன்.
காசும் வாங்கினேன்.

சூடு நல்ல சாட்சி இல்லை.
கதகதப்பு வந்ததும் சுருங்கிய ரப்பர் உப்பி
தன் இடத்தில் அடக்கமாய் உட்கார்ந்துகொள்கிறது,
விருந்தாளி வந்ததும்
சண்டையை விழுங்கிச் சிரிக்கும் தம்பதிபோல.

"தொட்டியை வடித்துவிட்டு
இன்றிரவு இதை வெளியே விடு.
எஞ்சின் ஹீட்டரை மட்டும் செருகு.
கியர்பாக்ஸ் குளிரட்டும்."
கைக்குழந்தையை வாசலில் கிடத்தச் சொன்னதுபோல்
பார்த்தான்.
"நாளைக்கு முப்பத்தொரு வீடு, வெர்னா."
"தெரியும். அதில் ஒன்று என்னுடையது."

அவன் போனதும் அடிப்பாகம் முழுக்கக் கழுவி
காய்ந்தபின் கால்பவுடர் தூவினேன்.
என் கணவனின் டப்பா. தேடுவான்.

காலை ஐந்து. மைனஸ் நாற்பது.
இந்த ஓர் எண்ணில் மட்டும்
எல்லை தாண்டி வரும் அமெரிக்க டிரைவருக்கும் எனக்கும்
தகராறு கிடையாது.
ஏரிப் பக்கமிருந்து காற்று.
ஃப்ரிட்ஜ் வந்த அட்டையை விரித்து
அதன்மேல் படுத்தேன். அட்டையும் கல்லாகியிருந்தது.
கிளேட்டன் சாவியைத் திருப்பினான்.
எஞ்சின் இருமியது. இருமியது. பிடித்துக்கொண்டது.

உள்ளே எண்ணெய் பாகாய் இறுகிக் கிடக்கும்.
பம்பு அதைத் தள்ளும், அது நகர மறுக்கும்,
அழுத்தம் ஏறும்.
எண்ணினேன்.
நாற்பது நொடி, பவுடர் வெள்ளை.
ஒரு நிமிடம், வெள்ளை.
ஒன்றேகால்

அங்கே.

பானில் இல்லை.
மூன்றடி முன்னே, கூலருக்குப் போகும் குழாயில்,
ரப்பரை இரும்பு கவ்விய நெளிவில்,
ஜூலைக் கொசுவின் குடித்த வயிறு அளவு
ஒரு சிவப்பு.
அது பருத்தது. நழுவியது.
குழாயின் சரிவிலேயே பின்னோக்கி ஊர்ந்து
பானின் விளிம்புக்கு வந்து
தொங்கியது,
நவம்பரில் நான் குற்றம் சாட்டிய
அதே விளிம்பில்.

ஈரம் முடிந்த இடத்தைப் பார்த்திருக்கிறேன்.
தொடங்கிய இடத்தை அல்ல.

இருபது நிமிடத்தில் நின்றுபோனது.
லாரி சூடாகி,
ஒன்றுமே நடக்காததுபோல் முனகிக்கொண்டிருந்தது.
கிளேட்டனும் இறங்கி வந்து
பக்கத்தில் பனியில் படுத்திருந்தான்.
"பார்த்தாயா?"
"பார்த்தேன்."
வேறொன்றும் சொல்ல வரவில்லை. தாடை விறைத்திருந்தது.
எழப்போனால் என் தோள்பட்டைத் துணி
அட்டையோடு ஒட்டிக்கொண்டது.
கையைப் பிடித்து இழுத்தான்; கிழிந்தது.

பில் எழுதினேன்.
புதுக் குழாய், இரண்டு கவ்வி, மூன்று லிட்டர் எண்ணெய்.
கீழே, நவம்பர் கேஸ்கட், நவம்பர் கூலி:
கழிவு.
கூட்டி வந்த தொகைக்கு முன்னால் ஒரு சிறு கோடு.
அவன் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.
"இதுவும் மைனஸா?" என்றான்.
மடித்து, தொப்பிக்குள் செருகிக்கொண்டான்.

மதியம் ஒன்றரைக்கு
பட்டறைச் சுவருக்கு அந்தப் பக்கம்
என் தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம்.
கை கழுவப் போனேன்.
நகக்கண்ணில் சிவப்பு இன்னும் இருந்தது.